ஓர் அடி என்பது எத்தனை கன அடி?

ஜூன் பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் நாற்றங்கால் பேச்சுக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும்: “பெரியாறு அணையில எத்தனை அடி?” லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம், முதல் போகத்துக்கு அந்தப் பதிலைத்தான் நம்பியிருக்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த உச்ச அளவு 142 அடி.

ஆனால் எல்லா அடியும் ஒன்றல்ல. மலைக்கு நடுவே நீர் ஏற ஏற அதன் பரப்பு விரியும். 115-க்கு மேல் ஓர் அடி ஏறுவதைவிட, 140-க்கு மேல் ஓர் அடி ஏற நிறையத் தண்ணீர் வேண்டும்.

நாளிதழில் வரும் ‘நீர்வரத்து’ம் பெரும்பாலும் கணக்குப் போட்டு எடுப்பதுதான். விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் 8.64 கோடி கன அடி. ஒரு நாளில் இருப்பு அவ்வளவு கூடி, திறப்பும் விநாடிக்கு 800 கன அடியாக இருந்தால், வந்தது 1,800.

ஆற்றில் அளப்பது வேறு வேலை. நேராக ஓடும் ஒரு வாய்க்காலில் நீங்களே செய்து பார்க்கலாம். அகலம் 20 அடி, ஆழம் 3 அடி. குறுக்குப் பரப்பு 60 சதுர அடி. ஒரு தேங்காய் மட்டையைப் போடுங்கள். 50 அடி தூரத்தை 25 விநாடியில் கடந்தால், மேல்மட்ட வேகம் விநாடிக்கு 2 அடி. அடியில் மண்ணும் கல்லும் நீரை இழுத்துப் பிடிப்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும்: 1.7. ஓட்டம் விநாடிக்கு 102 கன அடி.

பொறியாளர்கள் மட்டைக்குப் பதில் நீரோட்டமானியை இறக்குகிறார்கள். வெவ்வேறு நீர்மட்டங்களில் அளந்து, மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்வார்கள். பிறகு பாலத் தூணில் எழுதிய அளவுகோலைப் பார்த்தாலே போதும். அகன்ற ஆற்றில் ஆழம் இரட்டித்தால் ஓட்டம் ஏறக்குறைய மூன்று மடங்காகும். ஒரு வெள்ளம் மணலை அள்ளிப் போனால் வரைபடம் பொய்யாகிவிடும். மறுபடி ஆற்றில் இறங்க வேண்டும்.

பெரியாறு அணையில் திறக்கும் நீர் போய்ச் சேரும் வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66-இல் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. முதல் இரண்டுக்கும் நடுவே இரண்டரை அடி. கடைசி இரண்டுக்கும் நடுவே அரை அடிதான். இரண்டாவது எச்சரிக்கைக்குப் பிறகு, தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டக் கரையோர மக்கள் மேடேறுவதற்கு அந்த அரை அடி ஏறும் நேரம்தான் மிச்சம்.