புல்வெளிக்குக் கரை

சங்கக் கட்டடத்தின் முன்னே சிறு புல்வெளியொன்று இருப்பின் வருவோர் கண்ணுக்கு இதமே. அதற்குக் கரை கட்டும் பொழுதுதான் சங்கத்தின் பணமும், சில சமயம் சரக்கும் வீணாகின்றன.

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் செங்கற்களைப் பல்வரிசைபோற் சாய்த்து நட்டு, இடைவெளியின்றிச் சிமெண்டு பூசி, காவியும் சுண்ணாம்பும் மாறி மாறித் தீட்டியிருந்தார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால், முன்னெல்லாம் பக்கவாட்டில் வாய்க்காலுக்கு ஓடிய மழைநீரை அக்கரை மறித்துவிட்டது. ஐப்பசி மழையில் தேங்கிய நீர் நூல் கிடங்கின் படியேறி உட்புகுந்தது. அடியில் அடுக்கியிருந்த சிப்பங்கள் நனைந்து பூஞ்சணம் பிடித்தன. அத்தகைய நூலை எந்த நெசவாளர் பெறுவார்? நட்டம் சங்கக் கணக்கில் ஏறிற்று. கரைச் செலவுக்கான தீர்மானம் முறைப்படியே எழுதப்பட்டிருந்தது. நீர் போகும் வழியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அத்தீர்மானத்தைப் பார்வையிட்டுக் கையொப்பமிட்ட நாமும் அதைக் கேட்டோமில்லை.

ஆகவே, கல் வாங்குமுன் ஒரு மழை நாளில் குடையுடன் நின்று, நீர் எவ்வழி ஓடுகிறதெனக் காண்க. அவ்விடத்தில் கரையைத் தரை மட்டத்திற்குத் தாழ்த்துக. அன்றேல் இடைவெளி விடுக.

செங்கல் நன்கு வெந்ததாக இருத்தல் வேண்டும். இரண்டைத் தட்டினால் கணீரென ஒலிக்கும். ஒரு நாள் முழுதும் நீரில் ஊறிய பின் எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுமாயின் அக்கல் வேண்டா, ஈரத்தில் உதிர்ந்துவிடும். 9 அங்குல நீளமும் 3 அங்குலக் கனமும் உள்ள கல்லாயின், 100 அடிக் கரைக்கு நிறுத்தி நடுவதற்கு 400 கற்களும், சாய்த்து நடுவதற்கு ஏறக்குறைய 285 கற்களும் தேவை. படுக்க வைத்து நீளவாட்டில் பதித்தால் 134 போதும். விலைப்புள்ளி கேட்குமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம்.

எமது விருப்பம் படுக்கைக் கரையே. கூர்முனை காலில் இடறாது. பாவைத் தோளிற் சுமந்து வரும் முதியவருக்கு இது சிறு விஷயமன்று. புல் வெட்டும் கருவியின் சக்கரமும் அதன் மேலேயே உருளும்.

முளை அடித்துக் கயிறு கட்டுக. கழிவு நூலை முறுக்கினாலே கயிறாயிற்று. கல்லின் கனத்தோடு 2 அங்குலம் கூட்டித் தோண்டி, மணல் பரப்பி, நீர் தெளித்துத் திமிசு போட்டபின் கல்லைப் பதிக்கலாம். வளைவான இடத்தில் அரைக் கற்களே ஒழுங்காக அமையும்.

அறுகம்புல்லாயின் எக்கரையும் முழுக் காவலன்று. அதன் ஓடுதண்டு கரை மேலும், கிழங்குத்தண்டு இடுக்கின் வழியும் செல்லும். பக்கத்தில் காய்கறிப் பாத்தி வைத்திருப்போர் இதை நன்கறிவர். மழைக்காலத்தில் இரு வாரத்திற்கொரு முறை கரையோரம் மண்வெட்டியால் நேராக வெட்டிவிடல் வேண்டும்.

மேற்சொன்ன சங்கத்தார் பின்னர் வாய்க்கால் பக்கம் 4 அடி நீளத்திற்குக் கரையைப் பெயர்த்துவிட்டார்கள். பெயர்த்த கற்கள் கிடங்கினுள் சிப்பங்களின் அடியில் பலகை தாங்குகின்றன. காவிப் பூச்சு இன்னும் அவற்றில் தெரிகிறது.