பட்டனை அழுத்தினால் வயர்லெஸ் அணைந்துவிடுகிறதா? படகு வயரிங் கோளாறை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

கரையில் நிற்கும்போது வயர்லெஸ் செட் நன்றாகத்தான் வேலை செய்கிறது. கடலுக்குள் போய் வலையை இறக்கிவிட்டு, பக்கத்துப் படகைக் கூப்பிடலாம் என்று பட்டனை அழுத்தினால் செட் அப்படியே அணைந்துவிடுகிறது. கையை எடுத்தால் திரும்ப உயிர் வருகிறது. ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான தொல்லை இது. "பேட்டரி போயிடுச்சு" என்று சொல்லி புது பேட்டரி வாங்கிப் போடுகிறார்கள். பல நேரம் அடுத்த வாரமே அதே கதைதான்.

இதை வெறும் செலவுக் கணக்காகப் பார்க்க முடியாது. பாக் நீரிணையில் இரவு நேரத்தில் ஜி.பி.எஸ் அணைந்துபோனால் கடல் எல்லை எந்தப் பக்கம் என்பதே தெரியாமல் போகும். காற்று திசை மாறும்போது எச்சரிக்கை கேட்கவும், என்ஜின் நின்றால் உதவி கூப்பிடவும் இருப்பது அந்த ஒரு செட்தான்.

பேட்டரியைச் சந்தேகப்படும் முன்...

வயர்லெஸ் அணைவதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் படகின் பாதி மின் கோளாறுகள் புரிந்துவிடும்.

25 வாட் வி.எச்.எஃப் செட், சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது சுமார் அரை ஆம்பியர்தான் எடுக்கும். பேசுவதற்குப் பட்டனை அழுத்தினால் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இப்போது பேட்டரி டெர்மினலில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது என்று வையுங்கள். அந்தக் களிம்பு 0.3 ஓம் தடையைக் கொடுத்தால், கேட்கும்போது 0.15 வோல்ட்தான் இழப்பு. செட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. பேசும்போது அதே இடத்தில் 1.5 வோல்ட் காணாமல் போகும். பேட்டரியில் 12.3 வோல்ட் இருந்தாலும் செட்டுக்குப் போய்ச் சேருவது 10.8 தான். செட் அணையாமல் என்ன செய்யும்?

அதனால்தான் ஜி.பி.எஸ் ஓடுகிறது, சின்ன லைட் எரிகிறது, ஆனால் வயர்லெஸ் மட்டும் மக்கர் பண்ணுகிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுவதற்கும் பெரும்பாலும் இதேதான் காரணம். அது இழுப்பது நூறு ஆம்பியர் கணக்கில். அங்கே கடுகளவு துரு இருந்தாலே போதும்.

மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும்

சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் சாதாரண மீட்டர் போதும். என்ஜினை நிறுத்தி, சில மணி நேரம் சும்மா விட்ட பிறகு பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போய்விட்டால் அந்த பேட்டரியை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது. ஆல்டர்னேட்டர் உள்ள என்ஜின் என்றால், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். பெல்ட், ஃபியூஸ், ஆல்டர்னேட்டர் வயர் மூன்றையும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும்.

பேட்டரி சரியாக இருந்தால் இழப்பு எங்கே என்று தேட வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வேண்டாம். இன்னொரு முனையை செட்டின் பின்னால் வரும் பாசிட்டிவ் வயரில் வையுங்கள். ஒருவரைப் பேசும் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்தப் பாதையில்தான். பிறகு முனையை ஸ்விட்ச், ஃபியூஸ், கிளாம்ப் என்று ஒவ்வொன்றாக பேட்டரி பக்கம் நகர்த்துங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் அளவு சட்டென்று குறைகிறதோ அதுதான் குற்றவாளி. நெகட்டிவ் பக்கமும் இதேபோல் பார்க்க வேண்டும். நிறைய பேர் அதை மறந்துவிட்டு நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

டேப் சுற்றினால் போதாதா?

போதாது. வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீட்டுக்குச் சரி. படகில் அந்த டேப் உப்புத் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். இழைகளுக்கு நடுவே ஈரம் ஏறி, மேல்தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு கறுத்துவிடும். கறுத்த பகுதியை வெட்டித் தள்ளி, பளபளப்பான செம்பு தெரியும் இடத்தில் லக் அழுத்தி, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட வேண்டும். புதிதாக வயர் வாங்கினால் வெள்ளீயம் பூசிய செம்பு வயராகக் கேளுங்கள். விலை கூடத்தான். ஆனால் வருடா வருடம் மாற்றும் செலவு மிச்சம். ஜாயிண்ட் எதுவும் படகின் அடியில், தண்ணீர் தேங்கும் இடத்தில் இருக்கக் கூடாது.

டெர்மினலைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஒரு தீப்பொறி போதும் வெடிக்க. சுத்தம் செய்து இறுக்கிய பிறகு மேலே வேஸ்லின் தடவுங்கள். ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் கேன் பக்கத்தில் இருக்கும் படகில் அது தீயைக் கூப்பிட்டு உட்கார வைப்பது.

லைட் போட்டால் இரைச்சலா?

செட்டில் சத்தம் அதிகமாக இருந்தால் எல்.இ.டி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மலிவான எல்.இ.டி விளக்குக்குள் இருக்கும் சர்க்யூட் ரேடியோ அலையைக் கெடுக்கும். அமெரிக்க கடலோரக் காவல்படையே 2018-ல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ஆன்டெனாவிலிருந்து விளக்கைத் தள்ளி வைத்தாலே சில படகுகளில் சரியாகிவிடும்.

கடலில் இருக்கும்போதே பேட்டரி இறங்க ஆரம்பித்தால் விளக்கு, பாட்டுப் பெட்டி, மீன் பார்க்கும் கருவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வயர்லெஸுக்கு மட்டும் மின்சாரத்தை வையுங்கள். 25 வாட்டிலிருந்து 1 வாட்டுக்கு மாற்றினால் இழுப்பு நன்றாகக் குறையும். பக்கத்தில் இருக்கும் படகுக்கு அது கேட்கும். ஆபத்து அழைப்புக்கு சேனல் 16. செல்போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

கடைசியாக ஒன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகும் எங்கோ 0.1 ஆம்பியர் கசிந்தால், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மூன்றே வாரத்தில் பாதியாகிவிடும். தடை முடிவதற்குள் முழுக்க இறங்கிப்போகும். அப்படி இறங்கியே கிடந்த பேட்டரி திரும்ப முழு சார்ஜ் பிடிக்காது. படகைக் கரையேற்றும் அன்றே பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய், மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். கழற்ற முடியாவிட்டால் நெகட்டிவ் வயரையாவது எடுத்துவிடுங்கள்.