சிறுநீர்க் குழாய்ப் பராமரிப்பு

சிறுநீர் தானே பிரியாத நோயாளிகளுக்கும், பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் சிலருக்கும் மருத்துவமனையில் சிறுநீர்க் குழாய் பொருத்துகின்றனர். நுனியிலுள்ள சிறு பலூனில் நீர் நிரப்பப்படுவதால் குழாய் உள்ளே நிலைத்து நிற்கிறது.

நலம் செய்யும் இக்குழாயே கிருமிகளுக்கு வழியாகவும் அமையக்கூடும். அது இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு வரை ஆகும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே குழாயைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவுதல், இணைப்பைப் பிரிக்காதிருத்தல், குழாய் இன்னும் தேவையா என நாள்தோறும் ஆராய்தல் ஆகியன செவிலியரின் தலையாய கடமைகளாகும்.

செங்கற்பட்டு அரசு மருத்துவமனையிலிருந்து மாமல்லபுரம் கடலோரக் குப்பங்களுக்குக் குழாயுடன் திரும்புவோரைப் பொறுத்தவரை, இக்கடமை குடும்பத்தாரைச் சேர்கிறது. வண்டியில் பையை மடிமீது வைத்தல் தவறு. நீர் பள்ளம் நோக்கியே பாயும் என்பதை உழவர் அறிவர். பை உயர்ந்தால் சிறுநீர் உள்ளே திரும்பும். பை இடுப்புக்குக் கீழே தொங்கவேண்டும், தரையில் படலாகாது. குழாய் நுழையுமிடத்தை நாள்தோறும் சோப்பு நீரால் கழுவுக. குழாயை ஒருபோதும் இழுக்கலாகாது. பலூன் உட்புறத்தைக் கிழித்துவிடும்.

குளிர்காய்ச்சல், அடிவயிற்று வலி, சிறுநீரில் இரத்தம், பையில் நீர் இறங்காமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்க. ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊரில் குழாயுடன் இருப்போரை அறிந்து, கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவிப்பார்களாயின், பல உயிர்களைக் காத்தவராவர்.