பன்னிரண்டு படிகளும் எம்மவர் அச்சமும்

"சேர், சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும்" என்றார், அல்பர்ட்ஸ்லுண்ட் புகையிரத நிலையத்தில் எம்மவர் ஒருவர். குடியைவிட அவ்வச்சமே அவரை அதிகம் வருத்தியது.

1935இல் அமெரிக்காவின் அக்றன் நகரில் பில் வில்சனும் வைத்தியர் பொப் ஸ்மித்தும் தொடக்கிய 'அல்ககோலிக்ஸ் அனோனிமஸ்' அமைப்பு டென்மார்க்கிலும் உண்டு. முழுப்பெயர் கேளார், கட்டணமில்லை, குடியை நிறுத்தும் விருப்பமே தகுதி. 1939இல் வெளிவந்த அதன் நூல் 12 படிகளையும் விளக்குகின்றது. குடியின்முன் வலுவிழந்ததை ஒப்புக்கொள்வது முதற்படி. ஒன்பதாவதே கடினமென்பேன்: தன்னால் துன்புற்றோரிடம், இயன்றவிடத்து, நேரிற்சென்று ஈடுசெய்தல். அவர்களுள் மனைவியே முதலில் நிற்பாள். 'கடவுள்' என்ற சொற்கண்டு பின்வாங்கவேண்டாம். அவரவர் விளங்கிக்கொண்டவாறே என்கின்றன படிகள்.

நெடுநாட் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்; முதலில் குடும்ப வைத்தியரைக் காண்க. இங்கு வதிவோருக்குக் கொம்யூன் சிகிச்சை இலவசம். கேட்டு 14 நாட்களுக்குள் தொடங்கவேண்டும். விரும்பினால் பெயரை மறைத்தும் பெறலாம்.