விண்கலப் பாகங்களின் ஆயுட்கணக்கு

மகாராஜபுரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துச் சிற்றூர். அங்குக் கிணற்று மோட்டார் வைத்திருக்கும் உழவர், அதன் பேரிங் இத்தனை ஆண்டு உழைக்கும் என்று விற்பவர் கூறுவதை முழுதும் நம்புவதில்லை, முழுதும் தள்ளுவதுமில்லை. தம் கிணற்றிலும் அயற்கிணறுகளிலும் அது உழைத்த வகையைக் கண்டு கணக்கைத் திருத்திக்கொள்கிறார். கணக்குத் தவறினாலும் இழப்புப் பெரிதன்று. இராசபாளையம் சென்று வேறொன்று வாங்கி வரலாம். விண்வெளியில் அவ்வாறு கடை ஏது?

விண்கலக் கருவி ஒன்று பழுதின்றி எத்தனை காலம் இயங்கும் என்பதை, அது புறப்படுமுன்பே பொறியியலார் மதிப்பிடுகின்றனர். ஆய்வுக்கூடச் சோதனைகளும் ஒத்த பழைய கருவிகளின் வரலாறுமே அதற்கு அடிப்படை. கருவி இயங்கத் தொடங்கியபின் புதிய சான்று கிடைக்கிறது. அப்பொழுது இரண்டையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். முன்னறிவு, '20 ஆண்டு ஓட்டத்தில் 1 பழுது' என்பதற்கு ஈடானது என்று கொள்க. கெட்டதை உடனுக்குடன் மாற்றி 6 கருவிகளை 5 ஆண்டு ஓட்டினால் மொத்த ஓட்டம் 30 ஆண்டு. அதில் 4 பழுதுகள் நேர்ந்தன என்க. கூட்டினால் 50 ஆண்டில் 5 பழுது. அதாவது சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒன்று. கண்டதை மட்டும் கொண்டால் ஏழரை ஆண்டு. முன்னறிவை மட்டும் கொண்டால் இருபது. 18ஆம் நூற்றாண்டில் தாமஸ் பேயிசு என்னும் ஆங்கிலேயச் சமயகுரு காட்டிய வழியின் எளிய வடிவம் இது.

ஆயினும் எண்ணிக்கை மட்டும் போதாது. பழுதின் காரணமும் தெரிய வேண்டும். 1990இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியில், அது திரும்பும் திசையை உணர்த்தும் சுழலிகள் ஆறு உண்டு. 1999 நவம்பரில் அவற்றுள் நான்கு செயலற்றுக் கிடந்தமையால் ஆய்வுப்பணி நின்றது. டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று ஆறனையும் மாற்றினர். சுழலியினுள் கெட்டியான திரவத்தைச் செலுத்தப் பயன்பட்ட காற்றிலிருந்த ஆக்சிஜன், மயிரிழை போன்ற மின்கம்பிகளை அரித்ததே காரணம் என ஆராய்ச்சியில் தெரிந்தது. காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனைக் கொண்டனர். அவ்வாறு செய்த புதிய சுழலிகளின்மேல் பழைய பழுதுகளை அப்படியே ஏற்றிக் கணக்கிடுவது முறையாகாதன்றோ?

இந்தியாவின் அனுபவம் வேறு. 2013 ஜூலை 1ஆம் நாள் ஏவப்பட்ட ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ என்னும் வழிகாட்டும் செயற்கைக்கோள், மூன்று ரூபிடிய அணுக்கடிகாரங்களைச் சுமந்து சென்றது. அத்தகைய கோளில், நொடியைப் பத்து லட்சமாகப் பகுத்த ஒரு கூறு தவறினாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும். ஒரு கடிகாரம் கெடும் வாய்ப்புப் பத்தில் ஒன்றெனில், மூன்றும் கெடும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ஆனால், ஒன்றன் பழுது மற்றொன்றைச் சாராதபோதே இக்கணக்குப் பொருந்தும். ஒரே வகைக் கடிகாரங்களில் ஒரே குறை இருந்தால் மூன்றும் ஒன்றுபோலக் கெடலாம். மூன்றும் கெட்டன. ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்களிலும் ரூபிடியக் கடிகாரங்கள் சில பழுதுற்றன.

அங்கு ஆளனுப்பி மாற்ற வழியில்லை. கோளையே மாற்ற வேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்டில் அனுப்பிய மாற்றுக்கோள், வெப்பக் கவசம் பிரியாமையால் வீணாயிற்று. 2018 ஏப்ரலில் அனுப்பியதே சுற்றுப்பாதை சேர்ந்தது. 2023 மே 29இல் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01இல், இந்தியாவிலேயே செய்த ரூபிடியக் கடிகாரம் முதன்முறையாக இடம்பெற்றது. விண்ணில் அதன் ஆயுட்கணக்கு அன்றுதான் வெற்றேட்டில் தொடங்கியது.