அளவுக் கட்டமும் அரங்கமைத்த ஒளிப்படமும்: இருளர் அடையாளத்தை முன்வைத்து

காலனிய மானிடவியல் ஒளிப்படங்கள் உள்ளதை உள்ளவாறே பதிந்த சான்றுகளாகக் கொள்ளப்பட்டன. ஆனால் அவையும் அரங்கமைக்கப்பட்டவையே. பட்டுநூலால் இரண்டு அங்குலச் சதுரங்கள் அமைத்த சட்டகத்தின் முன் மனிதரை நிறுத்தும் முறையை 1869இல் லாம்ப்ரே முன்மொழிந்தார். 1890களில் போர்ட்மன் அந்தமான் பழங்குடியினரைக் கட்டமிட்ட பின்திரையின் முன் நிறுத்திப் படமெடுத்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். 1909இல் வெளிவந்த அவருடைய ஏழு தொகுதிகளில் செங்கற்பட்டு இருளரும் இடம்பெற்றுள்ளனர். அம்மாவட்டத்திலிருந்தே 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது.

இவ்வளவுக் கட்டத்தை மீண்டும் அரங்கேற்றியவர் பெங்களூருக் கலைஞர் புஷ்பமாலா. கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000–2004 காலத்தில் அவர் உருவாக்கிய தென்னிந்தியப் பெண்கள் பற்றிய படத்தொடரில், தோடர் பெண்ணாகக் கட்டமிட்ட திரையின் முன் அவரே நிற்கிறார். அளவுகருவி அவர் உடல்மீது வைக்கப்படுகிறது. அதே உடல் தொடரின் பிற படங்களில் தெய்வமாகவும் திரைப்பட நாயகியாகவும் மாறுகிறது. எனவே ‘இனவகை’ என்பது உடலில் இருப்பதன்று, வேடத்தாலும் திரையாலும் ஆக்கப்படுவது என்பது புலனாகிறது. படங்கள் உருவான விதத்தைக் காட்டும் பகுதியும் இத்தொடரில் உண்டு; காலனியப் படங்கள் மறைத்தது அதனைத்தான்.

எனினும் புஷ்பமாலா தோடர் அல்லர். அளக்கப்பட்டவரின் இடத்தில் நின்றாலும், அளக்கப்பட்ட சமூகத்தின் நினைவு அவருடையதன்று. இவ்விடத்தில் வட அமெரிக்கக் குரோ பழங்குடியைச் சேர்ந்த வெண்டி ரெட் ஸ்டாரின் ‘நான்கு பருவங்கள்’ (2006) வேறுபடுகிறது. மரபுடையில் அவர் அமர்ந்திருக்க, சுற்றிலும் நெகிழிப் பூக்களும் காற்றடைத்த விலங்குப் பொம்மைகளும். உடை மெய், இயற்கை பொய். பழங்குடியினரை விலங்குகளோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்த அருங்காட்சியக மரபின்மீது இவ்வெள்ளல் பாய்கிறது. முன்னவர் அறிவியலின் திரையைக் கேள்விக்குட்படுத்துகிறார். பின்னவர் தம் மக்களைக் கண்ட கண்ணையே கேள்விக்குட்படுத்துகிறார். இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது.

இவ்வேறுபாடு தமிழ்ச்சூழலில் கலை விமர்சனத்தோடு நின்றுவிடுவதன்று. பட்டியல் பழங்குடியினரை இனங்காண லோகூர் குழு 1965இல் வகுத்த ஐந்து அளவுகோல்களுள் புவியியல் தனிமையும் பிறரோடு பழகக் கூசுதலும் அடங்கும். தொல்குடி என்றதும் காடும் மலையும் பின்திரையாக எழுவதும் இப்பார்வையின் நீட்சியே. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வட்டாரத்து இருளருக்கோ பின்திரை ஆலைச்சுவரும் நெடுஞ்சாலையுமே. செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் உழைக்கும் ஒருவர் இனச்சான்று கோரும்போது, தர்ஸ்டன் எழுதிய காட்டு மனிதரோடு அவரை ஒப்பிட்டு ஐயுறும் கண்ணும் ஒருவகையில் அளவுக் கட்டமே.