நாய்க்குமா புற்றுநோய்?

"நாய்க்குமா புற்றுநோய்? இதென்ன புதுக் கதை!" என்று கேட்காத வீடு இல்லை. பெட்டை நாயின் அடிவயிற்றில் மிளகளவு ஒரு கட்டி கையில் தட்டுப்படும். "பால் கட்டியிருக்கும், தானே கரைந்துவிடும்" என்று பாட்டி ஒரு தீர்ப்புச் சொல்வாள். "எறும்பு கடித்த வீக்கம்" என்று வீட்டுக்காரர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே இன்னொரு தீர்ப்புச் சொல்வார். மிளகு சுண்டைக்காயாகி, சுண்டைக்காய் எலுமிச்சம்பழமாகிற வரையில் தீர்ப்பு மாறாது. எலுமிச்சம்பழம் உடைந்து ரத்தம் கசியும்போதுதான் மிருக வைத்தியரின் விலாசத்தைத் தேடுவார்கள்.

கதை புதிதல்ல. பத்து வயதைத் தாண்டிய நாய்களில் ஏறக்குறையப் பாதிக்கு ஏதாவது ஒரு வகைப் புற்று வருகிறதென்று அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் சொல்கிறது. அந்தக் காலத்து நாய்களுக்கு இந்த வியாதி அவ்வளவாகத் தெரியாமல் போனதற்குக் காரணம், அவை அந்த வயது வரையில் இருந்ததில்லை என்பதுதான். இப்போது தடுப்பூசியும் நல்ல சாப்பாடும் கிடைத்து, அவை கிழப்பருவம் எய்துகின்றன. கிழப்பருவத்தோடு அதன் வியாதிகளும் வருகின்றன.

நாய்க்கு வருகிற புற்றுகளை எல்லாம் சொல்லப் புகுந்தால் இந்த இதழின் தொடர்கதைகளுக்கு இடம் இராது. ஆகையால் நம் வீடுகளில் அதிகம் தென்படுகிற இரண்டு மூன்றைப் பற்றி மட்டும் பேசலாம்.

முதலாவது, மேலே சொன்ன மார்புக் கட்டி. கருப்பை எடுக்காத பெட்டை நாய்களுக்கு வருகிற கட்டிகளில் இதுதான் முதலிடம். நாய்க்கு மார்பிலிருந்து தொடை இடுக்கு வரையில் இரண்டு வரிசையாகச் சாதாரணமாக ஐந்து ஜோடிப் பால் சுரப்பிகள் உண்டு. அவற்றில் கடைசி இரண்டு ஜோடிகளில்தான் கட்டி அதிகமாக வருகிறது. குளிப்பாட்டுகிற நாளில் ஈரத்தைத் துடைத்துவிட்டு மல்லாக்கப் படுக்க வைத்து, ஒவ்வொரு காம்பைச் சுற்றியும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக உருட்டிப் பாருங்கள். அரிசியில் கல் பொறுக்குகிற விரல்களுக்கு இது பெரிய வித்தையல்ல. மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். பருவம் முடிந்த இரண்டு மாதத்துக்குள் சில நாய்களுக்குப் பொய்க் கர்ப்பம் வந்து, மடி முழுதும் வீங்கிப் பால்கூடச் சுரக்கும். அது வேறு சங்கதி. சில வாரங்களில் வடிந்துவிடும். கட்டி என்பது தனியாக, உருண்டையாக, விரலுக்குத் தட்டுப்படும்.

இந்தக் கட்டிகளில் சுமார் பாதிதான் புற்று. மற்றப் பாதி சாதுக் கட்டிகள். ஆனால் எது சாது, எது துஷ்டன் என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல எந்த மகானாலும் முடியாது. வெட்டி எடுத்து, மெல்லிய சீவலாக்கி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இங்கே ஒரு வார்த்தை: ஆபரேஷன் முடிந்ததும் கட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "எல்லாம் எடுத்தாச்சு, கவலைப்படாதீங்க" என்று அனுப்பி வைக்கிற இடங்களும் உண்டு. நீங்கள் விடாதீர்கள். "பரிசோதனைக்கு அனுப்புங்கள், டாக்டர்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தக் காகிதம் வந்தால்தான் அடுத்தபடி என்ன செய்வதென்று தெரியும்.

அளவு ரொம்ப முக்கியம். 3 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கும்போதே எடுத்துவிட்டால், அது புற்றாகவே இருந்தாலும் நாய் பல வருஷம் சுகமாக இருக்கிற வாய்ப்பு அதிகம். நம் பாட்டிமார் கணக்கில், எலுமிச்சம்பழம் ஆவதற்கு முன்னால். 5 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் நிலைமை வேறு. இந்தப் புற்று முதலில் பக்கத்து நெறிக்கட்டிகளுக்கும், பிறகு நுரையீரலுக்கும் போகிறது. அதனால்தான் கத்தியை எடுப்பதற்கு முன் மார்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். "வயிற்றுக் கட்டிக்கு மார்பில் எதற்குப் படம்? காசு பிடுங்கவா?" என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆபரேஷன் செய்யக் கூடாத மார்புப் புற்றும் ஒன்று உண்டு. மடி முழுதும் சிவந்து, சூடேறி, தொட்டால் நாய் துடிக்கும். பால் கட்டிச் சீழ் பிடித்ததைப் போலவே இருக்கும். அழற்சிப் புற்று என்று பெயர். இதில் கத்தி வைத்தால் கஷ்டம்தான் கூடும். வலியைக் குறைப்பதே வைத்தியம். நல்ல வேளையாக இது அபூர்வம்.

இந்தக் கட்டி வராமலே தடுக்க முடியாதா? 1969-ஆம் வருஷம் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி பிரசித்தமானது. முதல் பருவத்துக்கு முன்பே கருப்பையும் சினைப்பையும் எடுத்துவிட்ட நாய்களுக்கு, எடுக்காத நாய்களோடு ஒப்பிட்டால், மார்புப் புற்று வரும் அபாயம் 0.5 சதவிகிதம்தான், ஒரு பருவத்துக்குப் பின் எடுத்தால் 8 சதவிகிதம், இரண்டு பருவம் கண்ட பின் எடுத்தால் 26 சதவிகிதம் என்று அது கணக்குச் சொல்லிற்று. இன்றைக்கும் வைத்தியர்கள் வாயில் வருகிற கணக்கு இதுதான். ஆனால் 2012-ல் எல்லா ஆராய்ச்சிகளையும் திரும்பப் புரட்டிப் பார்த்தவர்கள், "ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை" என்றார்கள். அல்சேஷன், லாபரடார் போன்ற பெரிய ஜாதி நாய்களுக்கு ரொம்பச் சின்ன வயதில் எடுத்தால் மூட்டுத் தொந்தரவு வரலாம் என்றும் இப்போது தெரிகிறது. ஆகவே எந்த மாதத்தில் என்பதை உங்கள் நாயின் ஜாதியைப் பார்த்து வைத்தியர் தீர்மானிக்கட்டும். ஒன்று மட்டும் நிச்சயம்: பருவம் வராமல் தள்ளிப் போடுவதற்கென்று போடுகிற ஹார்மோன் ஊசி, மார்புக் கட்டிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமானம்.

இரண்டாவது வியாதி ஓர் அதிசயம். புற்றுநோய் தொற்றாது என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா? நாய்களிடம் ஒரு புற்று தொற்றுகிறது! இணை சேரும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் புற்றுச் செல்களே ஒட்டிக்கொள்கின்றன. முகர்ந்து பார்ப்பதால் மூக்கிலும் வரும். மறைவிடத்தில் காலிபிளவர் பூப் போலப் புடைத்து, சொட்டுச் சொட்டாக ரத்தம் கசியும். நம் தெரு நாய்களிடம் இது சகஜம். தெருவிலிருந்து இரக்கப்பட்டு எடுத்து வளர்க்கிற வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். இதன் பூர்வோத்தரத்தை ஆராய்ந்தவர்கள் 2019-ல் சொன்னது: 4,000 முதல் 8,500 வருஷங்களுக்கு முன், அனேகமாக ஆசியாவில், ஏதோ ஒரு நாய்க்கு வந்த கட்டிதான் இது. அந்த நாய் செத்து மண்ணாகிவிட்டது. அதன் செல்கள் மட்டும் நாய்விட்டு நாய் தாவி, இன்று உலகமெங்கும் உயிரோடிருக்கின்றன.

பயப்பட வேண்டாம். இது மனிதரைத் தொற்றாது. நாயின் எந்தப் புற்றும் நாயைத் தொட்டதால் குழந்தைக்கோ பெரியவர்களுக்கோ வராது. அதோடு, சிகிச்சைக்கு மிக நன்றாகப் பணிகிற புற்றும் இதுதான். வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். நாலிலிருந்து எட்டு ஊசிக்குள் பெரும்பாலான நாய்கள் அடியோடு குணமாகிவிடுகின்றன. ஆபரேஷன்கூட வேண்டியதில்லை.

அந்த மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமோ? உங்கள் வாசல் தொட்டியில் இளஞ்சிவப்பாகப் பூத்துக்கொண்டிருக்கிறதே, நித்தியகல்யாணி, அதிலிருந்துதான். மடகாஸ்கர் தீவில் பிறந்த செடி. நம்மவர்கள் அதற்கு நித்தியகல்யாணி என்று மங்களமாக ஒரு பெயரும், சுடுகாட்டு மல்லி என்று இன்னொரு பெயரும் வைத்தார்கள்! ஜமைக்காவில் நீரிழிவுக்கு இதன் இலையைக் காய்ச்சிக் குடிப்பது வழக்கம். 1952-ல் அங்கிருந்து ஒரு வைத்தியர் கொஞ்சம் இலையை உறையில் போட்டுக் கனடாவுக்கு அனுப்பினார். ராபர்ட் நோபிள் என்ற டாக்டர் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்தன! வேகமாகப் பெருகுகிற செல்களை இது தடுக்கிறதென்றால் புற்றையும் தடுக்குமே என்று பொறி தட்டியது. அவரும் சார்லஸ் பீரும் 1958-ல் வின்பிளாஸ்டினை வெளியிட்டார்கள். அதே செடியிலிருந்து வேறு ஆராய்ச்சியாளர்கள் கண்ட வின்கிரிஸ்டின் 1963-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் அதுதான் கை கொடுக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். அப்படியே சாப்பிட்டால் அது விஷம். ஊசி மருந்தும் நரம்புக்கு வெளியே சிந்தினால் சதையை அழுக வைத்துவிடும். கைதேர்ந்த வைத்தியர்தான் போட வேண்டும்.

மூன்றாவது, நிணநீர்ப் புற்று. தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், பின்னங்கால் முழங்காலுக்குப் பின்னால் நெல்லிக்காய் போல நெறி கட்டிக்கொள்ளும், வலிக்காது. நாய் ஓடும், ஆடும், சாப்பிடும். ஆகையால் யாரும் கவனிப்பதில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு வாரந்தான். வின்கிரிஸ்டினோடு இன்னும் மூன்று மருந்துகளைச் சேர்த்து மாதக் கணக்கில் கொடுக்கும் முறை உண்டு. அதனால் பெரும்பாலான நாய்களுக்கு நெறி வடிந்து, சராசரியாக ஒரு வருஷ காலம் நல்லபடியாகக் கழிகிறது. பூரண குணம் அபூர்வம். பணமும் அலைச்சலும் அதிகம். அது முடியாதென்றால் பிரெட்னிசொலோன் மாத்திரை மட்டும் கொடுத்து, ஓரிரு மாதம் சௌகரியமாக வைத்திருக்கலாம். ஆனால், "இப்போதைக்கு மாத்திரை, பிற்பாடு யோசிப்போம்" என்பது சரிப்படாது. மாத்திரையை முன்னால் கொடுத்துவிட்டால், பிற்பாடு பெரிய சிகிச்சை சரியாகப் பலிப்பதில்லை. முதலில் தீர்மானம், பிறகு மாத்திரை.

பெரிய ஜாதி நாய் காரணமில்லாமல் நொண்டி, நொண்டல் சரியாகாமல் எலும்பு வீங்கினால் உடனே எக்ஸ்ரே பாருங்கள். எலும்புப் புற்றுக்குக் காலையே எடுக்கச் சொல்வார்கள். கேட்கவே வயிறு கலங்கும். ஆனால் மூன்று காலோடு நாய் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கலக்கம் போய்விடும்.

புற்று மருந்து என்றதும் முடியெல்லாம் கொட்டி, வாந்தி எடுத்து, எலும்பும் தோலுமாகக் கிடக்கிற காட்சிதான் நம் கண்ணில் வருகிறது. நாய்க்குக் கொடுக்கிற அளவு குறைவு. நோயை வேரோடு களைவதைவிட, இருக்கிற நாளைச் சுகமாக வைப்பதே அங்கே நோக்கம். மீசை உதிரும், பூடில் போன்ற சில ஜாதிகளுக்குத்தான் உடம்பு முடி கொட்டும். ஊசி போட்ட ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளையணுக்கள் குறைகிற சமயம். அப்போது நாய் சுருண்டு படுத்துக் காய்ச்சலடித்தால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி போட்ட சில நாட்களுக்கு அதன் மூத்திரத்தையும் மலத்தையும் கையுறை இல்லாமல் அள்ளக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கிட்டவே போகக் கூடாது. வலிக்கிறதே என்று நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து பாராசிட்டமாலோ இப்யூபுரோபனோ எடுத்துக் கொடுப்பது பெரிய ஆபத்து.

சென்னைவாசிகளுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய மிருக வைத்தியக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: இது என்ன வகை? எங்கெல்லாம் பரவியிருக்கிறது? சிகிச்சை செய்தால் எத்தனை மாதம், செய்யாவிட்டால் எத்தனை மாதம்? மூன்றாவதைக் கேட்கத்தான் நாக்கு எழாது. கேட்டுவிடுங்கள்.

ஒன்றும் செய்வதற்கில்லை என்ற கட்டமும் வரத்தான் செய்கிறது. "உயிரை எடுப்பது பாவம், அது தானாகப் போகட்டும்" என்று சொல்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சுக்குத் தவிக்கிற பிராணியை நாள் கணக்கில் தவிக்க விடுவது எந்தப் புண்ணியத்தில் சேரும் என்றும் எனக்குப் புரியவில்லை. சமையலறைக் காலண்டரில் தினமும் குறித்து வாருங்கள்: சாப்பிட்டதா, தானாக எழுந்து வெளியே போயிற்றா, வாலை ஆட்டியதா? கெட்ட நாட்கள் நல்ல நாட்களை மிஞ்சும்போது காலண்டரே சொல்லிவிடும். வைத்தியர் மயக்க மருந்தையே அளவுக்கு மேல் நரம்பில் செலுத்துவார். சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும், வலி தெரியாது. பிறகும் கண் திறந்தபடியே இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குழந்தைகளிடம், "நாயை ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்று சொல்லாதீர்கள். அவர்கள் வாசலிலேயே காத்துக்கொண்டிருப்பார்கள். முடிந்தால் தினமும் சோறு வைத்தவர் யாரோ, அவரே அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருக்கட்டும். கண் மங்கிய பிறகும் அந்தக் கையின் வாசனை அதற்குத் தெரியும்.